இடது பக்கம் பாக்கி

யாரு சொன்னா உங்களுக்கு? ஸ்டாஃப் ரூம்லயா? சரி, பேரு வேண்டாம். பேச்சியம்மா வாயால ஒரு மெக்கானிக்குப் பொழப்பே போச்சுன்னு சொன்னாங்களாக்கும். சொல்லுவாங்க டீச்சர். இந்த ஊர்ல ஒரு பொம்பள டிரைவிங் ஸ்கூல் வச்சு நடத்துனா நாலு பேரு நாப்பது விதமாப் பேசத்தான் செய்வாங்க. நடந்தத நடந்தபடி நானே சொல்லுதேன். நீங்க ரோட்டப் பாருங்க, என் மூஞ்சியப் பாக்காதீங்க. ரெண்டாவது கியர் போடுங்க. கிளட்ச முழுசா மிதிங்க. ஆங். இப்ப விடுங்க. மெதுவாங்கேன்ல! பயப்படாதீங்க, என் பக்கமும் பிரேக்கு இருக்கு.

போன வருசம் ஐப்பசி. குழாய் பதிக்கணும்னு ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்தாங்க. அது மேல மழை. பள்ளம் எது, ரோடு எதுன்னு ஒண்ணும் தெரியாது. வண்டி இதே வண்டிதான். ஒம்பது வருசம் ஆச்சு. ஒரு நாளைக்கு ஆறு பேரு படிக்காங்க, ஆறு பேரும் சொல்லிவச்சாப்புல அதே பள்ளத்துலதான் எறக்குவாங்க. முன்னால ரெண்டு ஷாக்கும் செத்துப் போச்சு. ஷாக்குன்னா என்னன்னு கேப்பீங்க. முன் வீலுக்கு மேல, சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவுல ஒரு தடிக் குழாய் மாதிரி நிக்கும். மெக்கானிக்குங்க ஸ்ட்ரட்டும்பாங்க. வண்டியோட முன்பாரம் அது மேலதான். உச்சியில மூணு சின்ன நட்டு அதை பாடியோட சேத்துப் பிடிக்கும். அடியில ரெண்டு பெரிய போல்ட்டு வீலோட சேத்துப் பிடிக்கும். இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது. நட்டுன்னா இறுக்கணும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

மெக்கானிக்கு பேரு ஞானதுரை. சமாதானபுரத்துக்கு அந்தாண்ட ஒரு தகர செட்டு. பதினோரு வருசமா, இதுக்கு முந்தின வண்டியில இருந்தே, அவருதான் பாத்தாரு. நல்ல மனுசன், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா டீச்சர், மெதுவு! அப்படி ஒரு மெதுவு! ஒரு நட்டு இறுக்க மத்தவங்க ஒரு நிமிசம் எடுத்தா இவரு அஞ்சு நிமிசம். முதல்ல கையால சுத்தி ஏத்துவாரு. பொறவு சாதா ஸ்பேனர். பொறவு ஒரு நீள ஸ்பேனர் வச்சிருக்காரு, டார்க் ரெஞ்சாம். அதுல எவ்வளவு இறுக்கம் வேணும்னு அளவு வச்சுக்கிடலாம். அந்த அளவு வந்ததும் 'டிக்'குனு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா நிறுத்திருவாரு. அதுக்கு மேல ஒரு இம்மி திருக மாட்டாரு. நிறுத்திட்டு, வெள்ளை பெயிண்ட் பேனா எடுத்து நட்டுலயும் போல்ட்டுலயும் சேந்தாப்புல ஒரு கோடு போடுவாரு. கோடு போட்டா அந்த நட்டு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

நானும் ஒரு நாளு கேட்டேன், "அண்ணாச்சி, ஸ்பேனர்ல ஒரு பைப்ப மாட்டி நாலு அமுக்கு அமுக்குனா முடிஞ்சு போச்சு. எதுக்கு இந்தக் கோலம் போடுத வேலை?"ன்னு.

"பேச்சியம்மா, லூஸா இருந்தாலும் ஆபத்து, டைட்டா இருந்தாலும் ஆபத்து. அந்தந்த நட்டுக்கு ஒரு அளவு இருக்கு"ன்னாரு.

இன்னும் ஏதோ சொல்ல வந்தாரு. எனக்கு அடுத்த கிளாசுக்கு நேரமாச்சு. நான் யாரு பேச்சுக்கும் குறுக்க போறவ இல்ல. அன்னைக்கு மட்டும் கிளம்பிட்டேன்.

அன்னா அந்த ஆட்டோ நிக்கி பாருங்க. இண்டிகேட்டர் போட்டு வலது பக்கமா ஒதுங்குங்க. அவன் கைய நீட்ட மாட்டான், நாமதான் பாத்துக்கிடணும். ம். பரவால்லியே.

செவ்வாய்க்கெழம காலையில வண்டிய விட்டேன். மறுநாளு புதன்கெழம பத்து மணிக்கு ஜமீலாவுக்கு டெஸ்ட்டு. ஜமீலா யாருன்னா, மேலப்பாளையத்துப் பிள்ளை. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருசன் சவுதியில இருந்து இடுப்பு ஒடிஞ்சு வந்து படுத்துட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. ஹைகிரவுண்டுப் பக்கம் வேலைக்குப் போற பொம்பளைங்க தங்குத விடுதி ஒண்ணு இருக்கு. அங்க வண்டி ஓட்ட ஒரு பெண் டிரைவர் வேணும்னு தேடிக்கிட்டிருந்தாங்க. லைசென்சு கையில வந்தா மாசக் கடைசியில சேந்துக்கிடலாம்னு வார்டனம்மா சொல்லியிருந்தாங்க. அந்தப் பிள்ளை ஒரு தடவ டெஸ்ட்டுல ஃபெயிலாயிருந்துது. இந்தத் தடவயும் விட்டா அவளுக்கு மனசே விட்டுப் போயிரும். எனக்கு அந்த அக்கறைதான் டீச்சர். வேற ஒண்ணுமில்ல.

அண்ணாச்சிகிட்ட, "நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்ட்டு, ஒம்பதுக்கு வண்டி வேணும்"னேன்.

"ஒம்பதரை ஆகும்மா. புது நட்டு வரணும்."

"பழைய நட்டு என்ன செஞ்சுது?"

"கீழ் போல்ட்டுல போடுத நட்டு ஒரு தடவ கழட்டுனா அதோட பிடி போயிரும். திரும்பப் போடக் கூடாது. நாலு நட்டும் புதுசு வேணும். அது போக, வண்டிய ஜாக்கியில தூக்கி நிறுத்துனா வீலு தொங்கும். தொங்கும்போது எல்லாத்தையும் முழுசா இறுக்கிட்டா, கீழ எறக்குன பொறவு ரப்பரெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும். சீக்கிரம் கிழியும். அதனால தரையில எறக்கி, வண்டி கனம் வீலு மேல வந்த பொறவுதான் கடைசி இறுக்கு. ஒம்பதரைக்கு முன்னால வராதீங்க."

எனக்கு அதுல காதுல விழுந்தது 'தரையில எறக்குனா கடைசி'ங்கது. அவரு சொல்லுத விதம் அப்படி. ஒரு சொல்லு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுவாரு, அதுக்குள்ள நமக்கு விசயம் புரிஞ்சிருது.

செவ்வாய்க்கெழம முழுக்க நான் தொந்தரவே பண்ணல. ஒரு ஆறு தடவ போன் போட்டேன். அவ்வளவுதான்.

புதன்கெழம காலையில எட்டே முக்காலுக்கு ஜமீலாவக் கூட்டிக்கிட்டுப் போய் நிக்கேன். வண்டி தரையில நிக்கி. நாலு வீலும் மாட்டியிருக்கு. செட்டுல ஆளில்ல. பக்கத்துல பஞ்சர் கடை வச்சிருக்க உச்சிமாகாளி ஒரு டயரத் தண்ணித் தொட்டியில முக்கிக்கிட்டிருந்தான்.

"அண்ணாச்சி எங்கடே?"

"நட்டு வாங்கப் போயிருக்காரு யக்கா. பத்து நிமிசத்துல வந்துருவாரு."

"வண்டிதான் தரையில நிக்கே. நாங்க எடுத்துக்கிடுதோம், நேரமாச்சு."

அப்ப அவன் ஏதோ சொன்னான். 'இடது பக்கம் பாத்து'ன்னு என் காதுல விழுந்துச்சு. எனக்கு வந்த கோவத்தப் பாக்கணுமே. "எனக்கேவாடே? இருபது வருசமா ஓட்டுதேன், நூத்துக்கணக்கான பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், எந்தப் பக்கம் பாக்கணும்னு நீ சொல்லித் தாரியா?"ன்னு கேட்டேன். அவன் கைய உதறிட்டுத் திரும்ப டயருகிட்ட குனிஞ்சிட்டான்.

ஸ்டியரிங்குல ஒரு செவப்புத் துணி கட்டித் தொங்குச்சு. எண்ணெய்த் துணின்னு நெனச்சு அவுத்து, அதாலேயே முன் கண்ணாடியத் தொடச்சு, பின் சீட்டுல போட்டேன். ஜமீலா, "பேச்சிக்கா, அண்ணாச்சி வந்துரட்டுமே"ன்னா. "நீ சீட்டுல உக்காரு, பெல்ட்டப் போடு"ன்னேன்.

அந்தப் பிள்ளை நல்லாத்தான் ஓட்டுச்சு. பாலம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அதுக்குப் பொறவு தோண்டிப் போட்ட ரோடு. 'டக்'குனுச்சு. இன்னொரு பள்ளம், 'டக் டக்'குனுச்சு.

"யக்கா, முன்னால ஏதோ சத்தம்."

"புது ஷாக்கு, அப்படித்தான் இருக்கும். நீ போ."

"ஸ்டியரிங்கு இடது பக்கமா இழுக்குது."

"ரோடு சரிவு. நேரா பிடி. மணி ஒம்பதே கால். போ, போ."

அவ வேகத்தக் குறைச்சா. நான் போங்கேன், அவ குறைக்கா. எனக்கு ஆத்திரம். ரவுண்டானா கிட்ட வந்ததும் இண்டிகேட்டரப் போட்டா, ஓரங்கட்டுனா. "ஏட்டி, இங்க எதுக்கு நிறுத்துத? உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?"ன்னு கத்துனேன். நிக்கப் போற நேரத்துல, ஒரு நடை வேகம்தான் இருக்கும், 'மடார்'னு ஒரு சத்தம். வண்டியோட இடது மூலை கீழ உக்காந்துச்சு. பின்னால வந்த மணல் லாரி பாம்னு ஆரன் அடிச்சுக்கிட்டு எங்கள உரசுன மாதிரி போச்சு. எறங்கிப் பாத்தா, இடது முன் வீலு மேல்பக்கம் உள்ள சாஞ்சு, கணுக்கால் பெசகுன மாதிரி நிக்கி. கீழ் போல்ட்டுல ஒண்ணக் காணும். இன்னொண்ணுல நட்டு நுனியில தொங்கிக்கிட்டிருக்கு.

ஜமீலா ஸ்டியரிங்க விடாமப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. நான் கதவத் தெறந்து, "எறங்கு பிள்ளை"ன்னேன். அவ விரல ஒவ்வொண்ணா எடுத்து விடவேண்டியதாச்சு. ரவுண்டானாவ நாங்க சுத்திக்கிட்டிருக்கும்போது அது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரிய நேரமாச்சு. எனக்கு அப்பத் தெரிஞ்சதெல்லாம் டெஸ்ட்டு போச்சுங்கதுதான்.

போன எடுத்துப் பாத்தா அண்ணாச்சிகிட்ட இருந்து ஒம்பது மிஸ்டு கால். கிளாஸ் நேரத்துல போன எடுக்கக் கூடாதுங்கது எங்க ஸ்கூல் ரூல். நான் போட்ட ரூல். நானே மீற முடியுமா?

அண்ணாச்சி எங்களத் தேடிக்கிட்டு டி.வி.எஸ்.ல வந்து சேந்தாரு. சட்டைப் பையில புது நட்டு ரெண்டு. வீலப் பாத்தாரு, ஜமீலாவப் பாத்தாரு, "அடி கிடி பட்டுச்சாம்மா?"ன்னு அவகிட்டதான் முதல்ல கேட்டாரு. நான் விட்டேனா? நடு ரோட்டுல நின்னு, ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்லுவா, நட்ட இறுக்கத் தெரியாதவனுக்கு செட்டு எதுக்கு, ஸ்பேனர் எதுக்குன்னு கேட்டேன். அவரு ரெண்டு தடவ வாயத் தெறந்தாரு. நான் முடிக்கல. நான் முடிக்குறப்ப அவரு போயிட்டாரு.

வண்டியத் தூக்குத ஆளு வந்தான். குனிஞ்சு பாத்துட்டு, "யம்மா, வலது பக்கம் நட்டுல வெள்ளக் கோடு இருக்கு, இடது பக்கம் இல்லியே. வேலை முடியாம வண்டிய எடுத்தீங்களோ?"ன்னான். "உன்னை வண்டியத் தூக்கத்தான கூப்பிட்டேன்?"னு கேட்டேன்.

டீச்சர், நாய்! நாய் படுத்துருக்கு! பிரேக்கு... சரி, நான் மிதிச்சிட்டேன். ஒண்ணுமில்ல. மூச்சு விடுங்க. திரும்ப ஒண்ணாவது கியர்.

அன்னைக்குச் சாயங்காலமே டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கவங்க குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பதினாலு ஸ்கூல் இருக்கு அதுல. கூடவே தொங்குன நட்டோட போட்டோ. 'ஞானதுரை செட்டுல வண்டி விட்டேன், ஷாக்கு மாத்துன நட்ட இறுக்காமலே குடுத்திருக்காரு, படிக்கிற பிள்ளை ஓட்டிக்கிட்டிருந்தப்ப வீலு மடங்கிருச்சு, எல்லாரும் சூதானமா இருந்துக்கிடுங்க.' இதுல ஒரு சொல்லு பொய் உண்டா? இல்லல்லா? எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. "அவரு குடுத்தாரா, நீ எடுத்தியா?"ன்னு கேட்டாரு. "மோர் ஊத்தட்டா?"ன்னு நான் கேட்டேன்.

மெசேஜு காலு மொளச்சு நடந்துச்சு. ஒரு வாரத்துல அண்ணாச்சி செட்டுல நின்ன வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா போயிருச்சாம். ஒரு ஸ்கூல்காரன் பாதி வேலையில வந்து எடுத்துட்டுப் போனானாம். பாருங்க, மனுசங்களுக்குப் பொறுமையே கெடையாது.

நான் வண்டிய பைபாஸ்ல புதுசாத் தெறந்த ஒரு கடைக்குக் கொண்டு போனேன். என்ன வேகம்ங்கீங்க! காத்துல ஓடுத கன் ஒண்ணு வச்சிருந்தான். டர்ர்ர், டர்ர்ர்னு அரை மணி நேரத்துல எல்லாத்தையும் இறுக்கி, "மேடம், இனி ஜென்மத்துக்கும் அசையாது"ன்னான். பாத்தியா, இதுதான் வேலைன்னு நெனச்சேன். அளவும் இல்ல, கோடும் இல்ல, டிக்கும் இல்ல. சரியா எட்டாம் நாளு, கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்கும்போது பானட்டுக்குள்ள 'டம் டம்'னு மத்தளம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. தெறந்து பாத்தா, மேல இருக்க மூணு சின்ன நட்டுல ஒண்ணு திருகாணியோட துண்டா முறிஞ்சு கெடக்கு. மத்த ரெண்டும் எப்ப முறியலாம்னு நிக்கி. இறுக்குன இறுக்குல கம்பியே தாங்கல. திரும்பக் கொண்டு போனா அந்தக் கடைக்காரன், "பழைய வண்டி மேடம்"னு சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டான்.

வண்டிய வீட்டு வாசல்ல நிறுத்திட்டேன். கிளாஸ் இல்ல. வீட்டுல உக்காந்தா எனக்குப் பேச ஆளில்ல. அது ஒரு தண்டனை டீச்சர்.

ரெண்டு நாளு கழிச்சு ஜமீலா வந்தா. எப்பவும் சிரிச்சுக்கிட்டே வருவா. அன்னைக்கு உக்காரக்கூட இல்ல.

"பேச்சிக்கா, விடுதியில வேணாம்னுட்டாங்க."

"எதுக்கு? அடுத்த டெஸ்ட்டு இருபத்தெட்டாம் தேதிதான? மாசக் கடைசிக்குள்ள வந்துருமே."

"உங்க மெசேஜு வார்டனம்மா வரைக்கும் போயிருக்கு. 'படிக்கிற பிள்ளை ஓட்டிக்கிட்டிருந்தப்ப'ன்னு சொல்லியிருக்கீங்கள்ல? வண்டிய நான் இடிச்சுட்டேன்னு ஆயிருச்சு. இடிக்கிற ஆளு வேணாம்னு சொல்லிட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லலியே பிள்ளை"ன்னேன்.

"நீங்க எப்படிச் சொன்னீங்களோ, அப்படித்தான் ஆச்சு." பொறவு சொன்னா, "யக்கா, அன்னைக்கு உச்சிமாகாளி 'இடது பக்கம் பாத்து'ன்னு சொல்லல. 'இடது பக்கம் பாக்கி'ன்னு சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கட்டியிருந்த செவப்புத் துணி வேலை முடியலைங்கதுக்கு அடையாளம். ஊருக்கே தெரியும். நீங்க கண்ணாடி தொடைச்சீங்க. நானும் சொல்லியிருக்கணும். உங்களுக்குப் பயந்து சொல்லல. இப்பப் பயமில்ல. நீங்க விடுதியில போய்ச் சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

பாக்கி. பாத்து. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம், சொல்லுங்க? ரெண்டே எழுத்து. அவன் டயருக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுனா யாருக்குத்தான் புரியும்? இதை நான் அவகிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன். ரவுண்டானாவுல ஸ்டியரிங்க விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தாளே, அதே மூஞ்சி. உள்ள போய் சேலையை மாத்திக்கிட்டு வந்தேன்.

ரெண்டு பேரும் பஸ்ஸுல போனோம். நான் பஸ்ஸேறி எத்தனையோ வருசம் ஆச்சு. வார்டனம்மா நெட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு ரெஜிஸ்டர் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாங்க. நிமிந்தே பாக்கல. "முடிவு சொல்லியாச்சே"ன்னாங்க.

நான் என்னென்னவோ ரெடி பண்ணிக்கிட்டுப் போயிருந்தேன். மழை, ரோடு, மெக்கானிக்கு, உச்சிமாகாளி, எல்லாம் வரிசையா. ஜமீலா என் பக்கத்துல நிக்கா. அவ செருப்பு வாரு பிஞ்சு ஊக்கு குத்தியிருந்தது என் கண்ணுல பட்டுச்சு. என்னவோ தெரியல, "வண்டிய நாந்தான் வேலை முடியறதுக்கு முன்னால எடுத்தேன்"னு வாயில வந்துருச்சு. "இவ வேண்டாம்னா. நான் கேக்கல. சத்தம் வருதுன்னா. நான் போ போன்னேன். இவ நிறுத்திட்டா."

வார்டனம்மா பேனாவ மூடுனாங்க. "நீங்க சொல்லிக் குடுக்குறவங்க. நீங்க போன்னு சொல்லியும் நிறுத்துனாளா?"

"ஆமா. நான் கத்துனேன். அப்பவும் நிறுத்துனா. நிறுத்துனதாலதான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

அவங்க ஜமீலா பக்கம் திரும்புனாங்க. "என் விடுதியில இருபத்திரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வரவங்க வேகமாப் போ வேகமாப் போன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு நிறுத்தத் தெரிஞ்ச ஆளுதான் வேணும். இருபத்தெட்டாம் தேதி லைசென்சுக்கு வழி பண்ணிட்டு வாம்மா"ன்னாங்க.

வெளிய வந்ததும் ஜமீலா சுவத்துல சாஞ்சு அழுதா. நானும்... சரி, அத விடுங்க. வளைவு வருது. வளைவுக்கு முன்னாலயே வேகத்தக் குறைக்கணும், வளையும்போது இல்ல. ம், அழகு.

அடுத்தது அண்ணாச்சி. வார்டனம்மாகிட்ட போனதவிட இது கஷ்டம் டீச்சர். அவங்க அந்நிய ஆளு. இவரு பதினோரு வருசப் பழக்கம். செட்டுக்குப் போனா, கார் ஒண்ணுகூட இல்ல. ஒரு பழைய ஸ்கூட்டர வச்சுத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. நான் போனதும் ஒரு ஸ்டூல எடுத்துப் போட்டாரு. அந்த ஸ்டூலத்தான் என்னால தாங்க முடியல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும்.

நான் போன எடுத்து அவரு முன்னாலயே குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் பேசுனேன். நடந்த அத்தனையும் சொன்னேன். நாலு நிமிசம் ஓடிச்சு. அனுப்புததுக்கு முன்னால அவரக் கேக்கச் சொன்னேன். கைய வேட்டியில தொடச்சுட்டு, போன காதுகிட்ட வச்சு முழுசாக் கேட்டாரு.

"பேச்சியம்மா, இதுல மூணு நிமிசம் எம்மேல குத்தம் சொல்லியிருக்கீங்க"ன்னாரு.

"எங்கன?"

"நான் மெதுவுன்னு ஒரு நிமிசம். நான் சொன்னது தெளிவா இல்லைன்னு ஒரு நிமிசம். உச்சிமாகாளிக்குப் பேச்சு சரியில்லைன்னு ஒரு நிமிசம், அதுவும் என் கணக்குலதான் சேரும்."

திரும்பப் போட்டுக் கேட்டேன். அவரு சொன்னது சரிதான். நான் பேசும்போது எனக்கு அப்படித் தெரியல டீச்சர், சத்தியமாத் தெரியல. அழிச்சேன். ரெண்டாவது தடவ பேசுனேன், ரெண்டு நிமிசம் வந்துச்சு. அவரு வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. அழிச்சேன். மூணாவது, "ஞானதுரை அண்ணாச்சி மேல தப்பு இல்ல. வேலை முடியறதுக்கு முன்னால வண்டிய எடுத்தது நான். ஜமீலா வண்டிய இடிக்கல. பேச்சியம்மாள்." பத்து செகண்டுகூட இல்ல. என் வாயில இருந்து அவ்வளவு சின்னதா ஒண்ணு வந்து நான் பாத்ததில்ல. அனுப்புனேன். அதோட இன்னொண்ணு விளக்கமா அனுப்பலாம்னு பட்டன அமுக்கப் போனேன். அவரு போன என் கையில இருந்து வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "வண்டிய எடுத்துட்டு வாங்க"ன்னாரு.

எல்லாரும் ஒடனே திரும்பி வந்துரல. நாலு ஸ்கூல் வந்துச்சு. மத்தவங்க பைபாஸ் கடைக்குப் பழகிட்டாங்க. அது எனக்குக் கேக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். ஆனா அவரு அதப்பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல.

வண்டிய ரெண்டு நாளு வச்சிருந்தாரு. கன் போட்டவன் கெடுத்ததையெல்லாம் கழட்டி, மேல தாங்குத பாகத்தப் புதுசா வாங்கிப் போட்டு, கீழ நாலு புது நட்டு. இருபத்தெட்டாம் தேதி காலையில எட்டு மணிக்கே நானும் ஜமீலாவும் போயிட்டோம். ஒம்பதரைக்கு முன்னால வராதீங்கன்னுதான் சொல்லியிருந்தாரு, சும்மா பாத்துட்டு இருப்போம்னு போனோம். வண்டி தரையில நிக்கி. அவரு கீழ படுத்து அந்த நீள ஸ்பேனர வச்சு இழுக்காரு. மெதுவா, ஒரே சீரா இழுக்காரு. டிக். வெளிய வந்து அளவப் பாக்காரு, இன்னொரு தாள்ல இருக்கதோட ஒத்துப் பாக்காரு, திரும்ப உள்ள போறாரு. டிக். பொறவு பானட்டத் தெறந்து மேல மூணு சின்ன நட்டு. அதுக்கு அளவக் குறைச்சு வச்சுக்கிட்டு, ஒரு கையாலதான் இழுத்தாரு. கைக்குழந்தைக்கு வளையல் போடுத மாதிரி. டிக், டிக், டிக். ஒவ்வொண்ணுக்கும் கோடு. எட்டரை, எட்டே முக்கால், ஒம்பது. என் காலு ரெண்டும் தரையில நிக்க மாட்டேங்குது. நாக்கு மேல்வாயில ஒட்டிக்கிடக்கு. உச்சிமாகாளி டயர விட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டிருக்கான்.

ஜமீலா அன்னைக்குப் பாஸானதும், இப்ப விடுதி வண்டிய ஓட்டுததும் உங்களுக்கே தெரியும், காலையில உங்க ஸ்கூல் வழியாத்தான போறா. நான் சொல்ல வந்தது அது இல்ல. ஒம்பது இருபத்தஞ்சுக்கு அண்ணாச்சி கடைசிக் கோட்டப் போட்டாரு. வீல ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாத்தாரு. அவரே ஏறி, செட்டு வாசல்ல இருந்து முக்கு வரைக்கும் ஓட்டிட்டு வந்தாரு. எறங்குனாரு. "முடிஞ்சுது"ன்னு சாவிய நீட்டுனாரு.

நான் கைய நீட்டுனேன்.

அவரு என்னத் தாண்டி ரெண்டு எட்டு வச்சு, சாவிய ஜமீலா கையில குடுத்தாரு.

பேசாமச் சுத்திவந்து, இந்தா, இந்த சீட்டுல ஏறி உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கிட்டேன்.